சால்ட்-பெப்பர்-கெச்சப்? தெருமுனை டெலியில் தினமும் சாப்பிடுகிறவருக்கு

கேள்வி: வயது 31. நியூயார்க் குவீன்ஸில் மூன்று பேரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவிர அடுப்படி என் கைக்கு வருவதில்லை. ஆபீஸ் தெருமுனையில் யெமன்காரர் ஒருவர் நடத்தும் சின்ன டெலிதான் (சாண்ட்விச், காபி, மளிகை விற்கும் கடை) எனக்கு மெஸ். காலையில் எக் அண்ட் சீஸ் ரோல், ஹாஷ் பிரவுன், காபி. மதியம் டர்க்கி ஹீரோ (நீள ரொட்டிக்குள் வான்கோழி இறைச்சி அடுக்கிய சாண்ட்விச்), சிப்ஸ், பாட்டில் ஐஸ் டீ. நாலு மணிக்கு மஃபின், மறுபடி காபி. ராத்திரி வீட்டில் சாதம், தயிர், ஊறுகாய். மாடும் பன்றியும் சாப்பிட மாட்டேன். கடைக்கு மட்டும் தினம் 30 டாலர் வரை ஆகிறது. உயரம் 170 செ.மீ., எடை 72 கிலோ. போன மாத ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரைச் சராசரி) 5.9, டிரைகிளிசரைடு (ரத்தத்திலுள்ள ஒரு வகைக் கொழுப்பு) 238. ரத்த அழுத்தம் 134/86. டாக்டர் "வெளிச்சாப்பாட்டைக் குறை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கோவில்பட்டியிலிருந்து அம்மாவும் போனில் அதையேதான் சொல்கிறார். டெலியை விட்டுத்தான் ஆக வேண்டுமா? விட்டால் எங்கே போய்ச் சாப்பிடுவது?
(பெயர் வேண்டாம், குவீன்ஸ்)

பதில்:

தம்பி, டெலியை விட வேண்டாம். அங்கே ஆர்டர் கொடுக்கும் விதத்தை மாற்றினால் போதும்.

இதைச் சொல்ல உணவு ஆலோசகர் படிப்பைவிட என் சொந்தக் கதை அதிகம் உதவுகிறது. இந்த ஊருக்கு வந்த புதிதில் நானும் ஒரு தெருமுனைக் கடையில்தான் காலையில் சாப்பிட்டேன். எட்டேகால் மணிக்கு வரிசையில் எட்டுப் பேர் நிற்பார்கள். கல்லுக்கு முன்னால் நிற்பவர் இரண்டு கரண்டிகளை வைத்துக்கொண்டு நாலு பேருக்கு ஒரே நேரத்தில் முட்டை போடுவார். என் முறை வந்ததும் திரும்பிப் பார்க்காமலே "சால்ட்பெப்பர்கெச்சப்?" என்று ஒரே மூச்சில் கேட்பார். அது மூன்று கேள்வி என்பதே எனக்குத் தெரியாது. தலையை ஆட்டிவிடுவேன். முட்டையில் கெச்சப் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் ஏறக்குறைய ஒரு வருடம் கெச்சப் முட்டைதான் சாப்பிட்டேன்.

ஒருநாள் எனக்கு முன்னால் ஆஸ்பத்திரி சீருடையில் ஒரு அம்மா நின்றார். "டூ எக்ஸ், ஸ்பினாச், ஆனியன், நோ சீஸ், ஹோல் வீட் டோஸ்ட், நோ பட்டர்" என்று மளமளவென்று சொன்னார். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. வெங்காயத்தை ஒரு பிடி கல்லில் வீசினார், கீரையை மேலே போட்டார், முட்டையை உடைத்து ஊற்றினார், கரண்டியால் நாலு மடிப்பு மடித்தார். வெள்ளைத் தாளில் சுற்றி இரண்டாக வெட்டிக் கொடுக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அவ்வளவு நாளும் சுவரில் மாட்டிய போர்டில் எழுதியிருந்ததுதான் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்ன டெலியின் பலம் இதுதான். பெரிய சங்கிலிக் கடைகளில் பல பண்டங்கள் எங்கேயோ செய்து, உறைய வைத்து, பெட்டியில் வந்து இறங்கும். அதில் உப்பைக் குறை என்று யாரிடம் சொல்வீர்கள்? 20 கிளைகளோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்கள் கலோரியைப் பலகையில் எழுத வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. உங்கள் தெருமுனைக் கடைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆனால் நீங்கள் வாய் திறந்த பிறகுதான் அங்கே முட்டையே உடைகிறது. நம் ஊர் முட்டைக்கடையில் "அண்ணே, காரம் கம்மி, வெங்காயம் தூக்கலா" என்று சொல்லத் தெரிந்த வாய், இங்கே இங்கிலீஷ் என்றதும் கூச்சப்பட்டு மூடிக்கொள்கிறது. கடைக்காரரை "பாஸ்" என்று கூப்பிடுங்கள். இந்த ஊரிலும் பாஸ்தான்.

இப்போது உங்கள் எண்கள். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை; 5.9 என்றால் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டீர்கள், ஆனால் திரும்பிப் போக வழி இருக்கிறது. டிரைகிளிசரைடு 150-க்குள் இருக்க வேண்டும். அதை ஏற்றுவதில் சர்க்கரைக்கும் மைதாவுக்கும் பெரிய பங்கு உண்டு. (பீர் பற்றி நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அதுவும் ஏற்றும்.) எடையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கும் எடைக்குமான கணக்கு, 24.9. பொதுக் கணக்கில் 25-க்குள் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆனால் நம் போன்ற ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வருவதால், அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 23-லிருந்தே பரிசோதிக்கச் சொல்கிறது. அதனால் "நான் ஒல்லிதானே" என்ற சமாதானம் உங்களுக்குச் செல்லாது.

காலைச் சாப்பாட்டில் முட்டையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒரு பெரிய முட்டையில் 6 கிராம் புரதம், 70 கலோரி. கொலஸ்ட்ரால் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற பழைய வரம்பை 2015-க்கான அமெரிக்க உணவு வழிகாட்டியிலேயே எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் தினம் இரண்டு முழு முட்டை வேண்டாம். வாரத்தில் நாலு நாள் ஒரு முழு முட்டையும் இரண்டு வெள்ளைக்கருவும் கேளுங்கள். பெரும்பாலான டெலிகளில் வெள்ளைக்கரு தனியாக இருக்கும். உள்ளே கீரை, வெங்காயம், குடைமிளகாய் போடச் சொல்லுங்கள். ஒரு டாலர் கூடக் கேட்டாலும் கொடுங்கள், அந்த மொத்தச் சாப்பாட்டில் உருப்படியாகச் செலவான டாலர் அதுதான்.

ஹாஷ் பிரவுனை நிறுத்துங்கள். மைதா ரோலோடு பொரித்த உருளைக்கிழங்கு என்பது சோற்றுக்குச் சோற்றையே தொட்டுக்கொள்வது மாதிரி. ரோலில் மட்டுமே 40 கிராம் வரை மாவுச்சத்து இருக்கும். பேகல் (வளையம் மாதிரி இருக்கும் கெட்டி ரொட்டி) ஆசை வந்தால் இன்னும் கவனம். இந்த ஊர்ப் பேகல் ஒன்றில் 55, 60 கிராம் இருக்கும், சின்ன இட்லி ஐந்தாறு சாப்பிட்டதற்குச் சமம். (பேகலில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. முழுசாக வாங்கிப் போனால் வரி இல்லை. அதையே கத்தியால் வெட்டிக் கொடுத்தால் 8.875 சதவீதம் விற்பனை வரி. கத்திக்கு வரி போடும் ஊர்.) முழுக்கோதுமை ரொட்டி கேட்கும்போது "வீட்" என்று மட்டும் கேட்காதீர்கள். பழுப்பு நிற மைதா ரொட்டிக்கும் அந்தப் பெயர் உண்டு. "ஹோல் வீட்" என்று கேளுங்கள். ரொட்டிப் பை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் இருக்கும். ஒருமுறை முதல் வரியைப் படித்துப் பார்த்துக்கொண்டால் போதும்.

காபிக்கு வருகிறேன். நீங்கள் "காபி, ரெகுலர்" என்று சொல்பவராக இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: நியூயார்க்கில் ரெகுலர் என்றால் பாலும் சர்க்கரையும் போட்டது. எத்தனை ஸ்பூன் என்பது அவர் கைக்குத்தான் தெரியும். நான் பார்த்த வரை பெரிய கப்புக்கு மூன்றுக்குக் குறைவதில்லை. மூன்று ஸ்பூன் என்றால் 12 கிராம், இரண்டு காபிக்கு 24. ஆண்களுக்குச் சேர்க்கும் சர்க்கரை நாளைக்கு 36 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க இதயச் சங்கம். அதாவது ஐஸ் டீயைத் திறப்பதற்கு முன்பே மூன்றில் இரண்டு பங்கை முடித்துவிடுகிறீர்கள். "மில்க், நோ ஷுகர்" என்று சொல்லிவிட்டு, முடியாவிட்டால் ஒரு ஸ்பூன் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஐஸ் டீதான் உங்கள் கடிதத்திலேயே பெரிய வில்லன். டீ என்ற பெயரால் ஏமாறாதீர்கள், பின்பக்கம் திருப்பிச் சர்க்கரை வரியைப் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: 20 அவுன்ஸ் கோலா பாட்டிலில் 65 கிராம் சர்க்கரை, பதினாறு ஸ்பூன். இனிப்பு டீ பாட்டில்கள் சில அதை நெருங்கும். டிரைகிளிசரைடு 238-க்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். இந்த ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டு மற்ற எதையும் செய்யாவிட்டாலும் உங்கள்மேல் எனக்குக் கோபம் வராது. இந்த ஊர்க் குழாய்த் தண்ணீர் கேட்ஸ்கில் மலைப்பக்கத்து நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது, நன்றாகவே இருக்கும். நுரை இல்லாமல் முடியாது என்றால் வெறும் செல்ட்சர் (இனிப்பில்லாத சோடா) வாங்குங்கள்.

ஹீரோவிடம்தான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

டர்க்கி கொழுப்புக் குறைந்த இறைச்சி, அதனால் நல்லது என்று நினைத்து எடுக்கிறீர்கள். பாதி சரி. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்த உருண்டை, உப்புநீர் ஏற்றிப் பதப்படுத்திய இறைச்சி. இரண்டு அவுன்ஸில், அதாவது 56 கிராமில், சுமார் 500 மில்லிகிராம் சோடியம் இருக்கும். அடுத்த முறை ஸ்லைஸரைக் கவனியுங்கள். வட்டக் கத்தி சுற்றச் சுற்ற மெல்லிய ஏடுகளாக விழும். அவர் கையில் வாங்கி, மடித்து மடித்து ரொட்டிக்குள் அடுக்குவார். நல்ல மனசுக்காரர் என்றால் இன்னும் ஒரு கை கூட வைப்பார். சாதாரணமாக ஒரு ஹீரோவில் அரை பவுண்டு போய்விடும். அப்போது இறைச்சியில் மட்டும் 2000 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு முழு நாளுக்கே அதற்குள் இருக்கச் சொல்கிறது. அதன்மேல் சீஸ், ரொட்டி, ஊறுகாய் வெள்ளரிக்காய், சிப்ஸ். ராத்திரி வீட்டுக்குப் போனால் மாங்காய் ஊறுகாய் வேறு. 134/86-க்கு வேறு காரணம் தேட எனக்கு அவசரமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பயமுறுத்தாமல். 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் வரவைக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றது. இதை "நூறில் பதினெட்டுப் பேருக்கு வரும்" என்று படிக்கக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் சிறிய வாய்ப்பு அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடுகிறது, அவ்வளவுதான். சிகரெட்டும் அதே முதல் பிரிவில் இருப்பதால் இரண்டும் ஒன்று என்று எழுதினார்கள். அந்தப் பிரிவு ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்லுமே தவிர, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லாது. ஆனாலும் வாரம் ஐந்து நாள் அரை பவுண்டு என்பது அதிகம். இரண்டு நாளாகக் குறையுங்கள். அந்த இரண்டு நாளும் இப்படிச் சொல்லுங்கள்:

"குவார்ட்டர் பவுண்ட் லோ சோடியம் டர்க்கி, ஆன் ஹோல் வீட், நோ சீஸ், மஸ்டர்ட், எக்ஸ்ட்ரா லெட்டஸ், டொமேட்டோ, ஆனியன்."

முதல் தடவை நாக்கு புரளும். மூன்றாவது நாள் நீங்கள் கதவைத் திறந்ததும் அவரே சொல்லிக் காட்டுவார். மயோனைஸ் கேட்காதீர்கள்; ஒரு மேசைக்கரண்டியில் 90 கலோரிக்கு மேல், அவர் தடவுவது ஒன்றோடு நிற்காது. டூனா சாலட்டும் இதே கதைதான். மீன் நல்லது, அது மிதக்கும் மயோனைஸ்தான் தொல்லை. மற்ற நாள்களுக்குக் கல்லிலேயே சூடு செய்யும் சிக்கன் கிரில், அல்லது மதியத்துக்கும் காய்கறி ஆம்லெட். கடையில் கொண்டைக்கடலை சாலட் இருந்தால் விடாதீர்கள், அரை கப்பில் 6, 7 கிராம் புரதமும் கிட்டத்தட்ட அதே அளவு நார்ச்சத்தும் கிடைக்கும். யெமன்காரர் கடை என்கிறீர்கள், குளிர்காலத்தில் பருப்பு சூப் வைக்கிறாரா என்று கேளுங்கள். என் கிளினிக்குக் கீழே இருக்கும் கடையில் ரம்ஜான் மாதம் மாலையில் கவுண்டர் ஓரத்தில் பேரீச்சம்பழமும் பருப்பு சூப்பும் இருக்கும். நோன்பு திறக்க அவர்களுக்கென்று வைத்தது. எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன், எனக்கும் ஒரு கப் வந்தது. சீரகம் வாசனையோடு, ஏறக்குறைய நம் வீட்டுப் பருப்புதான். இப்போது வருடம் முழுவதும் அதை விற்கிறார்.

இந்த ஊர் டெலிகளில் யெமன்காரர்கள் எத்தனை பேர் என்பது பலருக்கு 2017 பிப்ரவரி 2 அன்றுதான் புரிந்தது. யெமன் உள்ளிட்ட ஏழு நாட்டவர் அமெரிக்காவுக்கு வர டிரம்ப் போட்ட பயணத் தடையை எதிர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மதியம் முதல் இரவு எட்டு வரை ஷட்டரை இறக்கின.

மாடு, பன்றி சாப்பிட மாட்டேன் என்றீர்கள். அதனால் ஒரு எச்சரிக்கை. ஹலால் கடையில் "பேக்கன்" என்று கேட்டால் பன்றி வராது என்று நிம்மதியாக இருப்பீர்கள். ஆனால் அது மாட்டிறைச்சிப் பேக்கனாக இருக்கலாம், டர்க்கிப் பேக்கனாகவும் இருக்கலாம். கேட்டு வாங்குங்கள். சாப்ட் சீஸ் (chopped cheese) என்று பையன்கள் வாங்கும் சாண்ட்விச் கொத்திய மாட்டிறைச்சியில் செய்வது. பெயரைப் பார்த்து வெறும் சீஸ் என்று எடுத்தவர்களை எனக்குத் தெரியும். டொமினிக்கன்காரர் கடைக்குப் போனால் அரிசியும் பீன்ஸும் அருமையாக இருக்கும், பீன்ஸில் பன்றித் துண்டு போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். எல்லாம் ஒரே கல்லில்தான் வேகும். அது மனசுக்கு ஒப்பவில்லை என்றால் "கிளீன் தி கிரில், பிளீஸ்" என்று சொல்லலாம். கரண்டியால் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்துவிட்டுப் போடுவார். வரிசையில் பின்னால் நிற்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.

அம்மா அடுத்து கேட்கப் போவது சுத்தம். நியூயார்க் ஓட்டல் வாசல்களில் 2010 முதல் ஏ, பி, சி என்று எழுத்து ஒட்டுகிறார்கள். உங்கள் கடையில் அது இல்லையென்றால் மறைக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. மளிகையும் சேர்த்து விற்கும் சின்னக் கடைகள் பல, நகர சுகாதாரத் துறைக்குப் பதிலாக மாநில வேளாண் துறையின் சோதனைக்குள் வரும். எழுத்தைவிட உங்கள் கண்ணை நம்புங்கள். காசு வாங்கிய கையோடு ரொட்டியைத் தொடுகிறாரா, ஸ்லைஸர் கத்தியின் ஓரத்தில் நேற்றைய துணுக்கு காய்ந்து கிடக்கிறதா, சூடாக வைத்திருக்கும் தட்டுகளில் ஆவி வருகிறதா. அங்கே உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. இதைப் படிக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒரு வார்த்தை: கோல்டு கட் இறைச்சியை (டெலியில் குளிர வைத்து ஏடாக வெட்டித் தருவது) 74 டிகிரிக்கு, ஆவி பறக்கச் சுட வைக்காமல் தொடாதீர்கள். லிஸ்டீரியா கிருமி குளிர்ப்பெட்டியிலும் வளரும். 2024-ல் வர்ஜீனியா ஆலை ஒன்றிலிருந்து வந்த டெலி இறைச்சியால் பல மாநிலங்களில் பத்துப் பேர் இறந்தார்கள்.

நாலு மணிப் பசிக்கு, கண்ணாடித் தாள் சுற்றிய மஃபின் 400 கலோரிக்கு மேல் வரும், பெயர் மட்டும்தான் மஃபின், சாப்பிடுவது கேக். அதற்கு வேர்க்கடலைப் பாக்கெட் அல்லது வாழைப்பழம், அல்லது இனிப்புச் சேர்க்காத கிரேக்கத் தயிர் ஒரு கப், அதில் 15 கிராம் புரதம் உண்டு. ஹீரோதான் வேண்டும் என்று மனசு அடம்பிடிக்கும் நாளில் வாங்கிக்கொள்ளுங்கள், பாதியை மதியமும் பாதியை நாலு மணிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டியேதான் தருகிறார். மீதியை மேசையில் விடாமல் ஆபீஸ் குளிர்ப்பெட்டியில் வையுங்கள்.

காசும் குறையும். ஹாஷ் பிரவுன், சிப்ஸ், ஐஸ் டீ, மஃபின் நாலையும் நிறுத்தி, ஹீரோவை சாண்ட்விச் ஆக்கினால், 30 டாலர் 20 பக்கம் வந்து நிற்கும். மாதம் 22 வேலை நாள் என்றால் 200 டாலருக்கு மேல் மிச்சம்.

ராத்திரி சாதத்தில் நான் கைவைக்கப் போவதில்லை. அளவை ஒரு கைப்பிடி குறைத்து, ஊறுகாய்க்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய பாத்திரம் காய்கறி செய்து குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்படி கையில் கிடைக்கும் ஒரே நாளில் அது ஒன்றைச் செய்தால் போதும், தொடர்ந்தாற்போல் நாலு நாள் வரும். அம்மாவிடம் சொல்ல ஒரு நல்ல செய்தியும் கிடைக்கும்.

ஹெச்பிஏ1சி இரண்டு மூன்று மாதச் சராசரி. அதனால் அடுத்த வாரமே எடுத்துப் பார்த்து மனசு நொந்துகொள்ளாதீர்கள். மூன்று மாதம் கழித்து, டிரைகிளிசரைடும் சேர்த்து, வெறும் வயிற்றில் எடுங்கள். அதற்குள் உங்கள் முகத்தைக் கதவில் பார்த்ததுமே பாஸ் முட்டையைக் கல்லில் உடைக்கும் பழக்கத்துக்கு வந்திருப்பார். "நாளைக்குக் காலையில் வேண்டாம், ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறேன்" என்று முந்தின நாளே அவரிடம் சொல்லி வையுங்கள்.